திருத்தம் சார்

அவர் வீட்டுக்குக் கிளம்பி, பாதி வழியில் திரும்பி வராத நாள் அபூர்வம். சைக்கிள் கல்லூரி வாசலைத் தாண்டிவிட்டது என்று தெரிந்ததும் நாங்கள் ஆசிரியர் அறையில் கொஞ்சம் சத்தமாகப் பேச ஆரம்பிப்போம். பதினைந்து நிமிஷத்தில் மணிச் சத்தம் கேட்கும். வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்று, "ஒரு திருத்தம்" என்பார். "சிவகங்கைக்குக் கடைசி பஸ் எட்டேகால்னு சொன்னேன்ல? எட்டு இருபது." சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். அன்றைக்குச் சிவகங்கைக்குப் போகிறவர் எவரும் எங்கள் அறையில் இருந்திருக்க மாட்டார்கள்.

விலங்கியல் விரிவுரையாளர் அவர். நான் 1966இல் காரைக்குடியில் அதே கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். இரண்டு துறைக்கும் சேர்த்து ஒரே ஒரு நீள அறைதான். ஒரு பக்கம் என்னுடைய உலர்ந்த இலைகள், எதிர்ப்பக்கம் அவருடைய ஜாடிப் பாம்புகள். நடுவில் அவர் நடந்துகொண்டே இருப்பார். உட்கார்ந்து டீ குடித்து நான் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கையில் எடுத்தபடி கிளம்பினால், எந்த ஜன்னலில் வைத்தோம் என்பதையே மறந்துவிடுவார். சாயங்காலம் அறையைப் பூட்டும்போது ஆடை படிந்த அரை டீயாக நாலைந்து தம்ளர் பொறுக்குவேன். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் திருத்தம் சார். அது அவருக்கும் தெரியும்.

அவர் மனைவி ஒருமுறை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "என்னையப் பொண்ணுப் பார்க்க வந்தாகள்ல, அப்ப இவுக வயசு இருபத்தெட்டுன்னு சொன்னாக. பலகாரம் சாப்பிட்டு எல்லாருமாப் போயிட்டாக. நாங்க பாத்திரத்தை எடுத்து வைக்கிறோம், இவுக மட்டும் தெருக்கோடியில இருந்து திரும்பி வாராக. என்னமோ ஏதோன்னு எங்கப்பா பதறிப் போனாக. இருபத்தெட்டு முடிஞ்சு நாலு மாசம் ஆச்சுங்க, அதைச் சொல்லாம விட்டுட்டேன்னாக. இந்த மாப்பிள்ளைதான்னு எங்கப்பா அந்த எடத்துலயே முடிவு பண்ணிட்டாக."

எல்லா இடத்திலும் அது சிரிப்போடு முடியவில்லை. எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் இறந்தபோது இரங்கல் கூட்டம் நடந்தது. அறுபத்தொரு வயதில் மறைந்தார் என்று ஒருவர் கண் கலங்கப் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் இவர் எழுந்து நின்றுவிட்டார். "ஒரு திருத்தம். அறுபதுதான் ஆகுது." கூட்டமே திரும்பி முறைத்தது. பக்கத்தில் இருந்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். முன்வரிசையில் இருந்த எழுத்தரின் மனைவிதான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அவுக சொல்றது சரிதான்" என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இப்படி ஒரு மனிதனுக்குப் பக்கத்து மேஜை கிடைத்துவிட்டதே என்று பயமும் வந்தது. ஏனென்றால் நான் அவரைப் போன்றவள் இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கக் கூடியவள்.

அந்தக் காலத்தில் பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன்னால் கல்லூரியே ஒரு தேர்வு வைக்கும். அதில் முப்பத்தைந்து எடுத்தால்தான் பெரிய தேர்வு எழுத அனுப்புவார்கள். அதற்குச் செலக்‌ஷன் என்று பெயர். 1967ஆம் வருஷம் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பின் செலக்‌ஷனுக்கு அவர்தான் கேள்வித்தாள் தயாரித்தார். புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி எடுப்பது அவருக்குப் பிடிக்காது. ஐந்து மதிப்பெண்ணுக்கு இப்படி ஒரு கேள்வி வைத்தார்: 'பறக்கும் அணிலையும் அது வாழும் மலை மரமான வெடிப்பலாவையும் ஒப்பிடுக. ஒன்றால் மற்றொன்றுக்கு விளையும் நன்மை, தீமை யாவை?'

வகுப்பில் அவர் கொடுத்த குறிப்பின்படி பதில் எளிது. அணில் மரத்துக்கு மரம் தாவும். விலாத் தோலை விரித்துச் சறுக்குமே தவிர உண்மையில் பறக்காது. மரம் நின்ற இடத்தில் நிற்கும். அணிலுக்கு அந்த மரத்தால் பொந்தும் தீனியும் கிடைக்கின்றன. அணில் பூவைத் தின்றுவிடுவதால் மரத்துக்குக் கேடு மட்டுமே.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நடுவில் எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"வெடிப்பலா பூவுக்கு மகரந்தத்தைக் கொண்டுபோறது எது மேடம்? அணிலா இருக்குமா?"

நான் சிலைடுகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. "வௌவாலா இருக்கும் சார். பூவையே திங்கிற பிராணி எப்படி மரத்துக்கு நல்லது பண்ணும்?" என்றேன். வெடிப்பலாவை நான் பார்த்திருந்தது காகிதத்தில் ஒட்டிய ஒரு காய்ந்த கிளையாக மட்டும்தான். அதில் பூகூட இல்லை. அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அது எனக்கு ஒருநாளும் நினைவுக்கு வந்ததில்லை.

1970, மாசி மாதம். மேற்கு மலையில் ஏலத் தோட்டமொன்றில் வேலை பார்த்த பழைய மாணவர் ஒருவர் ஒரு தகர டின் அனுப்பினார். உள்ளே உப்புத் தடவிய பறக்கும் அணிலின் தோல், தலையோடு. பூத்திருந்த வெடிப்பலா மரத்தடியில் செத்துக் கிடந்ததாம். சார் பஞ்சு அடைத்துப் பாடம் பண்ணி வைத்தால் வகுப்புக்கு உபயோகப்படுமே என்று சீட்டு எழுதியிருந்தார்.

சார் அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை. தோலை மேஜையில் விரித்து, உப்பைத் தட்டிவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். அணிலின் முகத்திலும் மீசை மயிரிலும் நெஞ்சிலும் மஞ்சளாகப் பொடி அப்பியிருந்தது. அழுக்கு என்று ஒரு பக்கக் கன்னத்தைத் தேய்த்தவர் சட்டென்று நிறுத்தினார். பிரஷைக் கீழே வைத்தார். கையைக்கூடக் கழுவாமல் அலமாரியைத் திறந்து பழைய விடைத்தாள் கட்டுகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். தான் திருத்திய தாள் ஒன்றையும் அவர் வெளியே போட்டதில்லை.

தேடியது கிடைத்ததும் என்னிடம் நீட்டினார். 1967 பி.யு.சி. மாணவி ஒருத்தி அந்தக் கேள்விக்கு எழுதியது. அவள் அப்பா அதே மலைப்பக்கம் தோட்ட வேலையில் இருந்தார். அவள் கோட்டையூரில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்தாள். உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: 'அணில் பூவின் தடித்த மேல்தோலைத்தான் தின்கிறது. தின்றுவிட்டு, முகமெல்லாம் மஞ்சள் பொடியோடு அடுத்த மரத்துக்குப் பாய்கிறது. மரத்தால் போக முடியாது. அதனால் அணிலை அனுப்புகிறது. இரண்டும் மலையை விட்டு இறங்கினால் பிழைக்காது.' அடியில் சிவப்பு மையில் 'கற்பனை' என்று சாரின் கையெழுத்து. பக்கத்தில் சைபர்.

மொத்தம் முப்பத்து மூன்று. அவளைத் தேர்வுக்கு அனுப்பவில்லை.

"இந்தப் பொடியை மைக்ராஸ்கோப்புல பாருங்க மேடம்" என்றார். பார்த்தேன். மகரந்தம்தான். எந்தப் பூவுடையது என்று தெரிய வேண்டுமானால் வெடிப்பலா மொட்டு வேண்டும் என்றேன். அன்றைக்கே தோட்டத்துக்குத் தந்தி கொடுத்தார். மொட்டுகள் வந்துசேரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் அந்த அறையில் மனிதர் இருக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை தபாலாபீஸ் போனார். வகுப்பில் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றார். மொட்டுகள் வந்தன. இரண்டு சிலைடையும் அடுத்தடுத்து வைத்தேன். ஒன்றேதான்.

"ஒரு அணிலை வச்சு முடிவு பண்ண முடியாது சார்" என்றேன். நான் தப்பித்துக்கொள்ளத்தான் அப்படிச் சொன்னேன்.

"வாஸ்தவம். அணில்தான் பண்ணுதுன்னு சொல்ல இது பத்தாது. ஆனா நான் கேடு மட்டும்னு எழுதிக் குடுத்தேன் மேடம். அது தப்புன்னு சொல்ல இது போதும்."

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது. அந்த வருஷத்து வகுப்பில் அவளைத் தவிர இருந்த இருபத்து மூன்று பேருக்கும் கார்டு எழுதினார். சாக்கோட்டையில் உரக்கடை வைத்திருந்த ஒரு பழைய மாணவரை நேரிலேயே போய்ப் பார்த்து, மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவரை நிறுத்தி, பறக்கும் அணிலைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தார். முதல்வரிடம் போய், அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டார்.

முதல்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூணு வருஷம் கழிச்சுத் திருத்தி என்ன ஆகப் போகுது? இது வெளிய தெரிஞ்சா அந்த வருஷம் தேர்வுக்கு அனுப்பாம நிறுத்துன மத்த பதினாலு பேரும் வரிசையா வந்து நிப்பாங்க."

"வரட்டும் சார். அவங்க பேப்பரும் எங்கிட்டத்தான் இருக்கு. பாத்துச் சொல்லிடறேன்."

அந்தக் கடிதத்தை வாபஸ் வாங்கும்படி மூன்று முறை சொல்லிப் பார்த்தார்கள். வாங்கவில்லை. அடுத்த மாதம் துறைத் தலைவர் பதவி அவருக்கு இளையவர் ஒருவருக்குப் போயிற்று. அந்த இளையவருக்கு மாலை வாங்கிக்கொண்டு வந்ததும் இவர்தான்.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் அவர் கார்டு எழுதவில்லை. கோட்டையூரில் பெரியம்மாவைப் போய் விசாரித்தார். கல்யாணமாகி நாச்சியாபுரத்தில் இருப்பதாகத் தெரிந்தது. என் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஒரு வீட்டு மருமகளைப் பார்க்க நான் தனியாப் போனா நல்லாருக்காது. கூட வாறீகளா மேடம்?"

மறுக்க எனக்கு வாய் இல்லை. வௌவால் என்று நான் சொன்னதை அவர் மறந்திருக்க முடியாது. எட்டு இருபது பஸ்ஸை மறக்காதவர். ஆனால் ஒரு பேச்சிலும் அதைத் தொடவே இல்லை. அதனாலேயே எனக்கு அவர் முன்னால் இருப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை மதியம் போனோம். கிணறும் பம்புசெட்டும் வைக்கோல்போரும் உள்ள விவசாயி வீடு. களத்தில் அவள் மிளகாய் வற்றலைக் காலால் கிண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்க சார், வாங்க மிஸ்" என்று உள்ளே ஓடிப் பாய் எடுத்து வந்தாள். தூளியில் குழந்தை தூங்கியது. மாமியார் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "காலேஜு வாத்தியாருகளா? எம்புட்டுத் தொலைவு வந்திருக்கீக" என்று ஆச்சரியப்பட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டக் கொல்லைப்பக்கம் போனார்.

சார் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். டின் வந்தது, மஞ்சள் பொடி, மொட்டு, சிலைடு. தாளை எடுத்துக் கொடுத்தார். சைபரை அடித்துவிட்டு ஐந்து என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தார். அவள் நெடுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு மடித்து அவரிடமே நீட்டினாள்.

"இதைச் சொல்லத்தான் வந்தீகளா சார்?"

"ஆமா. நீ எழுதுனது சரி. நான்தான் தப்பு."

"நான் அதை விட்டுட்டேன் சார். சின்னப் பிள்ளையில விளக்கு வைக்கிற நேரத்துக்கு தோட்டத்து லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து பாத்தது. நீங்க கற்பனைன்னு எழுதினீக. அப்ப நான் பாக்கலை போல, பாத்த மாதிரி நினைச்சுக்கிட்டேன் போலன்னு நானே சொல்லிச் சொல்லி மறந்தேன். எங்கப்பாவும், வாத்தியாரு சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னுட்டாரு. இப்ப வந்து நான் பாத்தது நெசந்தான்ங்கிறீக." குரல் உயரவில்லை. "சொல்லிட்டீக. உங்களுக்கு நிம்மதி. இனிமே நான் இதை என்ன பண்றது?"

அவர் தாளைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சைபர் போடுறதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல சார்? பாட்டனி மிஸ் எல்லாம் இருந்தாகளே" என்று சொல்லி என்னைப் பார்த்தாள்.

என் கையில் மோர்த் தம்ளர் இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் சொல்லிவிட்டார்.

"கேட்டிருக்கணும். கேக்கலை."

நான் மோரைக் குடித்தேன். உப்பு அதிகம். இன்றைக்கும் நாக்கில் அது தெரிகிறது.

திரும்பும்போது பஸ் நின்ற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி இறங்கி ஏறினார். கண்டக்டர் சலித்துக்கொண்டார். காரைக்குடி வந்து இறங்கியதும் கேட்டேன். "ஏன் சார் அப்படிச் சொன்னீக? எங்கிட்டக் கேட்டீகளே."

"கேட்டேன். ஆனா சைபர் போட்டது என் கைதானே மேடம்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு பல மாதம் அவர் யாரையும் திருத்தவில்லை. யாராவது தப்பாக ஒன்று சொன்னால் வாய் திறக்கும், மூடிக்கொள்ளும். எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வருவார். பஸ் நேரம் தப்பு, மழைக்கணக்கு தப்பு, எதுவும் சொல்லவில்லை. முன்னே கேலி செய்தவர்களுக்கே அது தாங்கவில்லை. வேண்டுமென்றே ஒருவர் திமிங்கிலம் மீன் இனம் என்று சொல்லிப் பார்த்தார். சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தினமும் காலையில், இன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு உண்மையைச் சொல்லி ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். மாலையில் தம்ளர்களைப் பொறுக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன்.

தீபாவளிக்கு முன்னே ஒரு மதியம் அவளே வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை. ஜவுளி எடுக்க வந்தார்களாம். வீட்டுக்காரர் கடையில் இருக்கிறார், ஐந்து மணி பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்றாள்.

"அந்த அணிலைப் பாக்கணும்னு தோணுச்சு சார்."

கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. பாடம் பண்ணி, ஒரு கட்டையில் ஒட்டினாற்போல் நிறுத்தி, வாலை முதுகின் மேல் வளைத்து வைத்திருந்தார். அவள் குழந்தையை என் மடியில் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். முகம் மெல்லச் சுளித்தது.

"வாலு இப்படி இருக்காது சார். நம்ம வீட்டு அணிலுக்குத்தான் இப்படி. இது மரத்தைக் கட்டிப்பிடிச்சிருக்கையில வாலு கீழ தொங்கும், கயிறு மாதிரி."

அவர் பெட்டியைத் திறந்து அணிலை வெளியே எடுத்தார். "வேற?"

"கண்ணு இம்புட்டுச் சின்னதா இருக்காது. பெருசு. டார்ச் அடிச்சா செக்கச்செவேல்னு தெரியும். விலாத் தோலையும் இம்புட்டு விரிக்கப்படாது. சும்மா இருக்கையில உள்ள மடிஞ்சிருக்கும், தெரியவே தெரியாது."

கத்தரியை எடுத்துத் தையலைப் பிரித்தார். அவள் தோலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பஞ்சைப் பிடுங்கி, வாலின் கம்பியை நிமிர்த்தினார்கள். கண்ணுக்கு இருந்த பாசிமணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் மேஜையிலிருந்த பெரிய கறுப்புப் பொத்தான் இரண்டை வைத்துப் பார்த்தார்கள். குழந்தை என் மடியில் தூங்கிப்போயிற்று.

வேலை முடிந்து கையைத் துடைத்ததும் அவள் கேட்டாள். "அந்தப் பேப்பர் இருக்கா சார்?"

அவர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாங்கி முதலிலிருந்து வரிவரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"அஞ்சு போட்டிருக்கீக. அஞ்சு வராது சார். ஆடியில பூக்கும்னு எழுதியிருக்கேன் பாருங்க. தையும் மாசியுந்தான் பூ. ஆடியில பழம்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அது அவர் கண்ணில் பட்டிருக்கவில்லை. பேனாவை எடுத்து ஐந்தை அடித்து நான்கு போட்டுக் கையெழுத்துப் போட்டார். முப்பத்தேழு. அவள் அதை மடித்து ஜவுளிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். தேர்வை மறுபடி எழுதுகிறாயா என்று கேட்டார். "இப்ப இல்ல சார்" என்றாள். பிறகும் அவள் எழுதவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன்.

குழந்தையை வாங்க என் பக்கம் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"சார் அன்னைக்கு உன் வீட்டுல சொன்னது உண்மையில்லைம்மா. அவர் கேட்டாரு. எங்கிட்டத்தான் கேட்டாரு. நான் வௌவாலுன்னு சொன்னேன். எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று இருந்தேன். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாணவனைப் போல் அவர் காதுவரை சிவந்து நின்றார்.

"அப்ப நீங்க பொய் சொன்னீகளா சார்?"

"ஆமா."

அவள் சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. "நீங்களா! அந்தப் பொய்க்கு வேணும்னா முழுசா அஞ்சு போடலாம் சார்."

"அதெப்படி? பொய்க்கு மார்க் கிடையாது."

"நான் போடுவேன்."

"போடக் கூடாது. ஒரு திருத்தம், அது…" என்று அவர் ஆரம்பித்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு! அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. நான் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தேன். கீழே வாசலில் அவள் வீட்டுக்காரர் துணிமூட்டையோடு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வழக்கு முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஐந்து மணி பஸ் போய்விட்டது.